விஸ்கான்சினில் மான் வேட்டைக்குப் பண்ணைக்காரரிடம் எப்படி அனுமதி கேட்பது?

கேள்வி இதுதான்: "மேடிசன் பக்கம் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். பொது நிலத்தில் கூட்டம் அதிகம். போன நவம்பரில் மூன்று பண்ணை வீடுகளில் போய்க் கேட்டேன். மூன்றிலும் இல்லை என்றுவிட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுக்கவே மாட்டார்களா? எப்படிக் கேட்க வேண்டும்?"

கொடுப்பார்கள். நான் பதினைந்து வருடமாக ஐயோவா கவுண்டியில் ஒரே பண்ணையில் வேட்டையாடுகிறேன். (ஐயோவா மாநிலம் அல்ல, மேடிசனுக்கு மேற்கே உள்ள விஸ்கான்சின் கவுண்டி.) அந்தப் பண்ணை கிடைப்பதற்கு முன் எனக்கும் ஐந்து வீடுகளில் இல்லை என்றுதான் சொன்னார்கள். இப்போது யோசித்தால் அந்த ஐந்து பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கி சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காமோ சட்டை (காட்டு நிறத்தில் வரும் வேட்டை உடை) போட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு நண்பர்களைக் காரில் உட்கார வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். என் வாசலில் அப்படி ஒருவர் வந்து நின்றால் நானும் இல்லை என்றுதான் சொல்வேன்.

நீங்கள் போனதும் நவம்பர் என்கிறீர்கள். பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. இங்கே துப்பாக்கி மான் சீசன் ஒன்பது நாள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த ஒன்பது நாளும் பல பண்ணைக் குடும்பங்களுக்கு நம்மூர்ப் பொங்கல் மாதிரி. வெளியூரில் வேலை பார்க்கும் மகன், மருமகன், பேரன் எல்லாரும் ஊர் திரும்புவார்கள். யார் எந்தப் பரணில் (மானுக்குக் காத்திருக்க மரத்தில் கட்டும் மேடை) உட்காருவது என்பதெல்லாம் அக்டோபரிலேயே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் அறிமுகம் இல்லாத ஒருவர் வந்து இடம் கேட்டால் அவர்களால் கொடுக்க முடியாது. உங்களைப் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ போங்கள். சனிக்கிழமை காலை பத்து பத்தரை நல்ல நேரம். பால் பண்ணை என்றால் விடிகாலையும் சாயங்காலமும் கறவை நேரம், அப்போது போகாதீர்கள். மே மாதம் விதைப்பு, அக்டோபர் அறுவடை, வெயில் காலத்தில் புல் அறுத்து மழைக்கு முன் கட்டு கட்டும் நாட்கள், இவையும் வேண்டாம். ஞாயிறு காலை சர்ச். இலையுதிர் கால ஞாயிறு மதியம் இந்த மாநிலத்து அமெரிக்கக் கால்பந்து அணியான பாக்கர்ஸின் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெல் அடித்தால் விஸ்கான்சினில் யாரும் நல்ல முகத்தோடு கதவைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்து, யாரிடம் கேட்பது. உழுகிறவர் வேறு, நிலத்துக்காரர் வேறு என்பது இங்கே சகஜம். நம்மூர்க் குத்தகை மாதிரியேதான். டிராக்டரில் இருப்பவர் சரி என்றாலும் அந்தச் சரி செல்லாமல் போகலாம். கவுண்டி நிலப் பதிவு வரைபடத்தை இணையத்தில் பார்த்தால் எந்தத் துண்டு யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். பிளாட் புக் என்று புத்தகமாகவும் விற்பார்கள். ஆன்எக்ஸ் செயலியில் நீங்கள் நிற்கும் இடத்தின் உரிமையாளர் பெயரும் எல்லைக்கோடும் போனிலேயே தெரியும். நாற்பது ஏக்கரை இங்கே 'ஃபார்ட்டி' என்றே சொல்வார்கள். "பின்னால் இருக்கிற ஃபார்ட்டி யாருடையது?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ஆளைக் கைகாட்டிவிடுவார்கள். உரிமையாளர் சிகாகோவிலோ மில்வாக்கியிலோ இருந்தால் கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். தபால்தலை ஒட்டிய பதில் உறையையும் உள்ளே வையுங்கள். ஆமிஷ் குடும்பம் (காரும் வீட்டில் போனும் இல்லாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவ சமூகம்) என்றால் நேரில் போவதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

போர்டு மாட்டவில்லையே, நுழையலாம் போல என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விஸ்கான்சினில் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியார் நிலத்துக்கு அனுமதி வேண்டும். வேறு மாநிலத்துக்கு மாறிப் போனால் அங்கத்திய விதியைப் புதிதாகப் படியுங்கள். ஒஹாயோவில் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். டெக்சஸிலும் பென்சில்வேனியாவிலும் மரத்தில் ஊதாப் பெயின்ட் கோடு இருந்தால் அதுவே 'உள்ளே வராதே' என்ற அறிவிப்பு.

இப்போது வாசலுக்கு வருவோம். கதவைத் திறக்கிறவர் மனதில் ஓடுவது மானைப் பற்றியது அல்ல. இவன் என் மாட்டைச் சுட்டுவிடுவானா, கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவானா, நாளைக்கு நாலு பேரைக் கூட்டி வருவானா, மரத்திலிருந்து விழுந்து என் மேல் கேஸ் போடுவானா, இவைதான் ஓடும். இதில் எதையும் அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். இந்த ஊர் ஆட்கள் முகத்துக்கு நேரே சந்தேகப்பட்டுப் பேசக் கூச்சப்படுவார்கள். "இந்த வருஷம் வேண்டாம்னு நினைக்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே அவர் கேட்காத கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட வேண்டும்.

நான் அந்தப் பண்ணைக்கு முதலில் போனது ஒரு மார்ச் சனிக்கிழமை. பனி உருகி முற்றமெல்லாம் சேறு. சாதாரண ஜீன்ஸ், பழைய ஜாக்கெட், தனியாகப் போனேன். பெரியவர் ஷெட்டில் விதைக்கிற இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நான் சொன்னது முழுவதையும் கேட்டார். பேர், எங்கே இருக்கிறேன், என்ன வேலை, வகுப்பு முடித்தது எல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் வீட்டைக் காட்டி, "அவளைக் கேட்டுக்கோங்க" என்றார்.

அந்த அம்மா அடுக்களைக் கதவைப் பாதி திறந்து நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வண்டியை எங்கே நிறுத்துவீங்க?"

இதற்கு நான் தயாராகப் போகவில்லை. "நீங்க சொல்ற இடத்துல" என்றேன். அப்புறம்தான் கதையைச் சொன்னார். முந்தைய வருடம் அனுமதி வாங்கிய ஒருவர் பிக்கப்பை வயல் பாதையின் குறுக்கே நிறுத்திவிட்டு மலை ஏறிவிட்டாராம். மக்காச்சோளம் அறுக்க வந்த கம்பைன் உள்ளே போக முடியாமல் அரை நாள் நின்றதாம். நவம்பரில் ஒரு அரை நாள் என்பது பண்ணைக்காரருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் தவித்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, "எத்தனை பேர் வருவீங்க?" என்றார். "நான் மட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒன்பது நாள் சீசன் எங்கள் பிள்ளைகளுக்கு, டிசம்பரில் பெண் மானுக்கு மட்டும் நாலு நாள் சீசன் வருமே, அப்போது வாருங்கள் என்றார்.

நான்கு வருடம் டிசம்பரில் மட்டும்தான் போனேன். ஐந்தாம் வருடம் மருமகனுக்கு மின்னசோட்டாவில் வேலை மாறியது. "அவன் பரண் சும்மா இருக்கு, வர்றீங்களா?" என்று அவர்களே கூப்பிட்டார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சிறியதாகக் கேளுங்கள், மறுப்பதற்கும் அவருக்கு வசதி செய்து கொடுங்கள். 'உங்கள் நிலத்தில் வேட்டையாடலாமா' என்று மொத்தமாகக் கேட்டால் அவர் தன் வீட்டுப் பிள்ளைகளின் பங்கைத் தூக்கிக் கொடுப்பதுபோல ஆகிவிடும். இப்படிக் கேளுங்கள்: "சோயாவையும் சோளத்தையும் தின்கிற பெண் மான்களை மட்டும் எடுக்கிறேன். கொம்பு மான் உங்க குடும்பத்துக்கு. உங்க ஆட்கள் வராத வார நாட்கள் போதும். இப்பவே பதில் வேண்டாம், யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னாலும் ஒண்ணும் இல்ல." பேரும் போன் நம்பரும் வண்டி நம்பரும் எழுதிய ஒரு சிறு அட்டையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நிற்க வைத்துச் சரி வாங்கினால் அது வீட்டுக்காரம்மா வந்ததும் மாறிவிடும். யோசித்துக் கொடுத்த சரி நிற்கும். ஆங்கிலத்தில் சுருக்கமாக, நிதானமாகப் பேசினால் போதும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

வில்லோ கிராஸ்போவோ என்றால் இன்னும் எளிது. ஒரு மைலுக்கு மேல் போகக்கூடிய ரைஃபிள் குண்டைப் பற்றி இருக்கும் பயம் அம்பைப் பற்றி இருக்காது. வில் சீசனும் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. துப்பாக்கிதான் என்றால், உயரமான பரணிலிருந்து குண்டு தரையில் போய்ப் பதியும்படி மட்டும்தான் சுடுவேன், வீடும் கொட்டிலும் இருக்கும் திசையில் சுடவே மாட்டேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லும்போது அந்தத் திசையைக் கைகாட்டுங்கள். அவர் முகம் தளர்வதைப் பார்ப்பீர்கள்.

கேஸ் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. விஸ்கான்சின் சட்டம் 895.52இன்படி, பொழுதுபோக்குக்காக நிலத்தில் நுழைந்தவருக்கு அடிபட்டால் பெரும்பாலும் நிலத்துக்காரர் பொறுப்பாக மாட்டார். வேட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு வருடத்தில் 2,000 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வேட்டையில் கிடைத்த இறைச்சியை அன்பளிப்பாகக் கொடுப்பது கட்டணக் கணக்கில் வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதை முதல் சந்திப்பிலேயே வக்கீல் மாதிரி எடுத்து வைக்காதீர்கள். அவர் கேட்டால் சொல்லுங்கள்.

விசாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, நடப்பில் உள்ள வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் விஸ்கான்சின் லைசென்ஸ் மார்ச் 31 அன்று முடிந்துவிடும். ஏப்ரல் 1 அன்று புது லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது பெரிய சிக்கல், குடியேற்ற வழக்கையும் பாதிக்கலாம். கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) வந்தவர்களுக்கு இந்த விதி இல்லை. விசாவில் இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், அல்லது வில்லோடு தொடங்குங்கள்.

'நம்மைப் போன்றவர்கள்' என்று கேட்டிருந்தீர்கள். அதையும் மழுப்பாமல் சொல்கிறேன். கறுத்த தோலோடு ஒரு கிராமத்துப் பண்ணை வாசலில் நிற்கும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்யும். இந்த மாநிலத்துக்கு இதில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 2004 நவம்பரில் சாயர் கவுண்டியில், தனியார் நிலத்தில் இன்னொருவருடைய பரணில் ஏறி உட்கார்ந்திருந்த ஹ்மோங் (தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய இனம்) சமூகத்தவர் ஒருவரை அங்கே வேட்டையாடிக்கொண்டிருந்தவர்கள் தட்டிக்கேட்டார்கள். வாக்குவாதம் துப்பாக்கிச் சூட்டில் போய் நின்றது. அவர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அதற்குப் பின் பல வருடம் ஆசிய முகத்தோடு காட்டுக்குள் போன எல்லோருமே சந்தேகப் பார்வையைச் சந்தித்தார்கள். 2007 ஜனவரியில் ஹ்மோங் வேட்டைக்காரர் ஒருவர் காட்டில் கொல்லப்பட்டார். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எல்லையை நிலத்துக்காரரோடு நடந்து பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் பேரையும் நம்பரையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள். அடிபட்ட மான் எல்லை தாண்டி விழுந்தால் அதை எடுக்கவும் அங்கே அனுமதி வேண்டும். யாராவது தடுத்து நிறுத்தினால் துப்பாக்கியைக் காலி செய்து தள்ளி வைத்துவிட்டுப் பேசுங்கள். அனுமதியைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கி ஒரு தாளாகப் பையில் வைத்திருங்கள். விஸ்கான்சினில் அது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் நம்மை முன்பின் பார்த்திராத மருமகனோ பக்கத்து நிலத்துக்காரரோ எதிரே வரும்போது அந்தத் தாள் பேசும்.

என் அனுபவத்தில், அறிமுகத்துக்கு முன் இருக்கிற அந்தப் பார்வை இரண்டாவது மூன்றாவது சந்திப்பில் போய்விடுகிறது. என் அப்பாவுக்கு ஆறு மாடு இருந்தது என்று பெரியவரிடம் ஒரு நாள் சொன்னேன். என்ன இனம், எவ்வளவு கறக்கும், தீவனத்துக்கு என்ன செய்வீர்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டார். அதற்குப் பின் நான் அவருக்கு ஊர்க்காரன் மாதிரிதான்.

கதவைத் தட்டும் தைரியம் இன்னும் வரவில்லையென்றால் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. மாநில இயற்கைவளத் துறையின் தளத்திலேயே கிடைக்கும். ஒன்று, எம்.எஃப்.எல். எனப்படும் காட்டு நிலத் திட்டம். சொத்துவரிச் சலுகைக்காகச் சிலர் தங்கள் காட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருப்பார்கள். அங்கே நடந்து போய் வேட்டையாடக் கேட்கவே வேண்டாம், ஆனால் பரண் கட்ட அனுமதி வேண்டும். இன்னொன்று, பயிர்ச் சேத இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகள். மான் தின்ற பயிருக்கு இழப்பீடு கேட்கிறவர்கள் வேட்டைக்காரர்களை அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தப் பண்ணைக்காரருக்கு மான் குறைய வேண்டும் என்பது உண்மையான தேவை. முதலில் அங்கே போன் செய்து பாருங்கள். உங்களுக்கு இதுதான் நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன்.

அனுமதி கிடைத்த பிறகு எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் அடுத்த வருடம் இருக்கிறது. முதல் டிசம்பரில் நான் ஒரு தப்பு செய்தேன். பெண் மான் ஒன்றை எடுத்து, இருட்டிவிட்டதால் வயல் பாதை ஓரத்திலேயே குடலை எடுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை அந்த அம்மா போன் செய்தார். அவர்கள் நாய் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்து முன்வாசல் திண்ணையில் போட்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஒரு மணி நேரத்தில் போய் நின்றேன். உறைந்துபோன ரத்தத்தை வெந்நீர் ஊற்றிச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். அன்றிலிருந்து குடலை எங்கே விடலாம் என்று முதலிலேயே கேட்டு, காட்டுக்குள் அவர்கள் காட்டிய பள்ளத்தில் மட்டும்தான் விடுகிறேன். மானை இழுக்க ஒரு பிளாஸ்டிக் சறுக்குப் பலகை எப்போதும் வண்டியில் இருக்கும். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட வேண்டும். ஈர மண்ணில் வண்டி இறக்கக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. பிறகு ரம்பம் வைக்கும்போது அந்த ஆணி ரம்பத்தை முறித்துவிடும். யாரையும் கூட்டிப் போகக் கூடாது, தம்பியாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான்.

இறைச்சி கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் நம் பகுதியில் ஒரு எச்சரிக்கை. மான்களுக்கு வரும் சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் 2002இல் விஸ்கான்சினில், மேடிசனுக்கு மேற்கே இருக்கும் இதே பகுதியில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றும் இங்கே அதிகம். மனிதருக்கு வந்ததாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் ஆலோசனை. இயற்கைவளத் துறை இலவசமாகப் பரிசோதிக்கிறது. முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாக உறைய வைத்திருங்கள். சுத்தம் என்று முடிவு வந்த பிறகுதான் கொண்டுபோய்க் கொடுங்கள், முடிவு வந்த காகிதத்தையும் காட்டுங்கள். நான் வீட்டில் மிளகு போட்டு வறுத்து ஒரு டப்பா தனியாகக் கொடுப்பேன். பெரியவருக்கு அது பிடிக்கும், அந்த அம்மாவுக்குக் காரம் ஆகாது. அவருக்குக் கடையில் செய்து வாங்கிய சாசேஜ்.

நகரத்து வேட்டைக்காரர் பண்ணைக்காரரிடம் கேட்டு நிற்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. வனவிலங்கு மேலாண்மை என்ற துறைக்கே அடித்தளம் போட்ட ஆல்டோ லியோபோல்ட் 1931இல் மேடிசனிலிருந்து வேட்டைக்கு இடம் தேடிப் புறப்பட்டார். ரைலி என்ற சிற்றூரில் பால்சன் என்ற விவசாயியைச் சந்தித்தார். அத்துமீறி நுழைகிறவர்களால் அவர் நொந்துபோயிருந்தார். இருவரும் பேசி, அக்கம்பக்கத்து விவசாயிகளும் நகரத்து வேட்டைக்காரர்களும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். நிலம் விவசாயிகளுடையது. பறவைகளுக்கான தீவனம், மரம் நடுவது போன்ற செலவில் நகரத்தார் கைகொடுத்தார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் அது நடந்தது. ரைலி மேடிசனிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான். நீங்கள் கேட்கப் போகும் சுற்றுவட்டாரமே அதுதான்.

கடைசியாக, ஒரு தடவை சரி என்றதை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேளுங்கள். எங்கள் பெரியவர் போன வருடம் காலமாகிவிட்டார். ஈமச்சடங்கு முடிந்து ஒரு மாதம் கழித்து மகனிடம் போய், பேர், எங்கே இருக்கிறேன், என்ன வேலை என்று முதலிலிருந்து சொல்லிக் கேட்டேன். அவர் என்னை நன்றாக அறிவார், இருந்தாலும் முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்மாவைக் கேட்டுக்கோங்க" என்றார். அந்த அம்மா அதே அடுக்களைக் கதவில் நின்றுகொண்டு, வண்டியை இனிமேல் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.